உலோகம் வேண்டாமென்ற அரசன்

செஞ்சியைப் பார்க்கப் போகிறவர்கள் மண்டகப்பட்டைப் பார்ப்பதில்லை. இதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரதுர்க்கம் என்று மூன்று குன்றுகள். குன்றுகளைச் சுற்றி வளைத்து ஓடும் மதில். மதிலுக்குள்ளே தேசிங்கு ராஜனின் வீரம். அவன் 1714-ல் போர்க்களத்தில் விழுந்த சோகம். இவ்வளவும் ஓர் இடத்தில் கிடைக்கும்போது, வழியில் சாலையை விட்டு விலகி ஒரு சிறு பாறையைத் தேடிப் போக யாருக்கு மனம் வரும்? அதிலும், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சி 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஏறிவிட்ட பிறகு கேட்பானேன்!

ஆனாலும் சொல்கிறேன்: செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் மண்டகப்பட்டு என்ற அந்தக் கிராமத்தில் இருக்கும் ஒரு குடைவரைக்கு முன்னால் செஞ்சிக் கோட்டை நேற்றுப் பிறந்த குழந்தை.

குடைவரை என்றதும் மாமல்லபுரத்தை நினைத்துக் கொண்டு போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். இங்கே மகிஷாசுரமர்த்தினி இல்லை. பகீரதன் தவம் இல்லை. பூனை கூட இல்லை. ஒரு பாறையின் முகத்தைச் செதுக்கிச் சமப்படுத்தி, நடுவில் இரண்டு தூண்களும் ஓரங்களில் இரண்டு அரைத்தூண்களும் விட்டு, உள்ளே ஒரு மண்டபம் குடைந்திருக்கிறார்கள். தூண்கள் அடியில் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மறுபடியும் சதுரம். பூ வேலையோ கொடி வேலையோ கிடையாது. முகப்பின் இரு கோடியிலும் இரண்டு துவாரபாலகர்கள் தடியை ஊன்றிக் கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் காவல் காக்கிற பின்சுவரில் மூன்று அறைகள். மூன்றும் காலி.

அழகு என்று பார்த்தால் இதற்கு அருகிலேயே உள்ள தளவானூர்க் குடைவரை எவ்வளவோ மேல். அதையும் இதே அரசன்தான் செய்வித்தான். அங்கே மகர தோரணம் எல்லாம் உண்டு. மண்டகப்பட்டின் பெருமை அதன் சிற்பத்தில் இல்லை, முகப்பில் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கும் ஒரே ஒரு வடமொழிச் சுலோகத்தில் இருக்கிறது. பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இந்த லக்ஷிதாயதனத்தைச் செய்வித்தான் என்பது அதன் செய்தி. எப்படிச் செய்வித்தானாம்? செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல்.

விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். ஏறக்குறைய 590 முதல் 630 வரை காஞ்சியிலிருந்து ஆண்டவன். மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதியவன். குணபரன், சத்ருமல்லன், சித்திரகாரப்புலி, அவனிபாஜனன், லளிதாங்குரன் என்று பட்டப்பெயர்களைச் சட்டை மாற்றுவது போல் மாற்றிக் கொண்டவன். தான் வெட்டிய குகைகளுக்கெல்லாம் அந்தப் பெயர்களையே சூட்டிக் களித்தவன். அப்படிப்பட்டவன் சொன்ன வாசகம் என்பதை மறந்துவிடாமல் அதை இன்னொரு தரம் பாருங்கள். அவன் கல் என்ற சொல்லைச் சொல்லவே இல்லை! எதனால் கட்டினான் என்பது அதில் கிடையாது. எவையெல்லாம் இல்லாமல் கட்டினான் என்ற கணக்குத்தான் இருக்கிறது.

நாவல் எழுதுகிறவனுக்கு இதைவிடச் சுவையான செய்தி அகப்படுமா? ஒரு மனிதன் தன்னிடம் என்ன இருக்கிறது என்று சொன்னால் அவனைப் பாதிதான் தெரிந்து கொள்ளலாம். எது வேண்டாம் என்று தள்ளினான் என்பதைச் சொன்னால் மற்றப் பாதியும் தெரிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக் கோயில் என்றாலே செங்கல் சுவர், மர உத்தரம், அவற்றை இறுக்க இரும்பும் செம்பும், மேலே சுண்ணச் சுதை. மகேந்திரன் வேண்டாம் என்று சொன்ன நாலும் சேர்ந்ததுதான் கோயில். ஆக, ‘கோயில் இல்லாமல் ஒரு கோயில் கட்டினேன்’ என்று சொல்கிறான் அரசன். கேட்டவர்கள் விழித்திருப்பார்கள். அவர்கள் விழிக்க வேண்டும் என்றுதான் விசித்திரசித்தன் அப்படி எழுதச் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது.

செங்கல் கோயில்களின் கதி என்னவாயிற்று என்பதற்கு ஒரு சாட்சி மாமல்லபுரத்துக்கு அருகில் சாளுவன்குப்பத்தில் இருக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமி வந்து கடற்கரை மணலை வாரிக் கொண்டு போயிற்றல்லவா? அதன் பின் 2005-ல் அங்கே ஒரு முருகன் கோயிலின் அடித்தளம் அகப்பட்டது. மேலே பல்லவர் காலத்துக் கட்டடம். தோண்டிப் பார்த்தால் அதற்கும் கீழே இன்னும் பழைய செங்கல் கோயில். மண்ணுக்குள் மூடிக் கிடந்ததனால் அந்த ஒன்று பிழைத்தது. மூடிக் கிடக்காத மற்றவை எங்கே போயின? மரத்தைக் கரையானும், இரும்பைத் துருவும், சுதையை மழையும், செங்கல்லை அடுத்த தலைமுறையும் கொண்டு போயிருக்க வேண்டும்.

இந்தச் சுலோகத்தைப் பற்றி நான் இவ்வளவு யோசிக்கும்படி செய்தவன் என் சகோதரி மகன். அவனுக்குப் பல்லவ சரித்திரத்தில் சிரத்தை கிடையாது. அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு கைக்கடிகாரம்.

கடிகாரம் அவனுக்கு அல்ல, அவனுடைய தகப்பனாருக்கு. என் மைத்துனர் முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். நிமிஷத்துக்கு நிமிஷம் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தே பழகிய கை. ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் கடிகாரம் படுகிற இடமெல்லாம் அரிப்பும் தடிப்புமாக ஆரம்பித்து, தோல் கருத்து, வளையம் போட்டாற்போல் ஆகிவிட்டது. தோல் வைத்தியர் முதுகில் சின்னச் சின்ன மருந்துப் பட்டைகளை ஒட்டிப் பரிசோதித்து, “நிக்கல் இவருக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டார். அன்றைக்குக் கடிகாரத்தைக் கழற்றி வைத்தவர்தான். கடிகாரம் போய்விட்டதே தவிர, பழக்கம் போகவில்லை. பேச்சின் நடுவில் வெறும் மணிக்கட்டைத் தூக்கிப் பார்ப்பார், ஒரு கணம் திகைப்பார், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம், “மணி என்ன ஆச்சு?” என்பார். செல்போன் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். அதை எடுத்துப் பார்க்க மாட்டார்.

பையன் முதல் மாசச் சம்பளம் வாங்கியதும் என்னிடம் வந்து, “மாமா, டைட்டானியம் வாங்கலாம் என்கிறான் ஒருத்தன். நல்ல எவர்சில்வரே போதும், அதற்கு ஏன் இரட்டை விலை கொடுக்கிறாய் என்கிறான் இன்னொருத்தன். நீங்கள்தான் இரண்டையும் பற்றி எழுதியிருக்கிறீர்களே, சொல்லுங்கள்” என்றான். நான் உலோகங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. ஆனால் கேள்வி என்னைப் பிடித்துக் கொண்டது.

எவர்சில்வர் என்று நாம் சொல்லும் சரக்கின் வரலாற்றில் நமக்கும் ஒரு மூலை உண்டு. கொடுமணல் போன்ற ஊர்களில் மூசையில் வைத்து உருக்கு வார்த்த கொல்லர்களின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னாட்டு உருக்கு சீமைக்குப் போய், அதன் ரகசியத்தை அறிய மைக்கேல் ஃபாரடே 1819 முதல் சில ஆண்டுகள் தலையை உடைத்துக் கொண்டார். மின்சாரத்துக்குப் பெயர் போன அதே ஃபாரடேதான். எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், குரோமியம் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். ரகசியம் அகப்படவில்லை, துருப் பிடிக்காத எஃகும் அவர் கைக்கு வரவில்லை. அதற்கு இன்னொரு நூற்றாண்டு ஆயிற்று. ஜெர்மனியில் குருப் கம்பெனிக்காரர்கள் 1912-ல் குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகுக்கு உரிமை பதிந்தார்கள். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேயாமலிருக்க வழி தேடிக் கொண்டிருந்தபோது, 1913-ல், அமிலத்துக்கு மசியாத குரோமிய எஃகைக் கண்டு, இதில் கத்தியும் முள்கரண்டியும் செய்யலாமே என்று நினைத்தார்.

அந்த எஃகு நம் வீட்டுக்குள் வந்து பித்தளையை வெளியே தள்ளிய கதையை நேயர்களில் மூத்தவர்கள் நேரில் பார்த்திருப்பார்கள். வாசலில் துருத்தி வைத்து ஈயம் பூசிக் கொடுத்தவர் தெருவை விட்டுப் போனார். கல்யாணச் சீரில் பித்தளை அண்டா இருந்த இடத்தில் எவர்சில்வர்க் குடம் வந்து உட்கார்ந்தது. 1981-ல் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு எவர்சில்வர் உள்ளூர்ச் சரக்காகவே ஆகிவிட்டது. பெயரைப் பாருங்கள்: எவர் சில்வர், என்றும் வெள்ளி! அதில் ஒரு குன்றிமணி வெள்ளி கூடக் கிடையாது. இங்கிலீஷ்காரன் வைத்த பெயரோ மகேந்திரன் பாணி. ‘கறையில்லாத எஃகு’ என்று, இல்லாததைச் சொல்லி வைத்த பெயர்.

கைக்கடிகாரத்துக்கு இந்த எஃகு வந்து சேர்ந்தது இரண்டு உலக யுத்தங்களுக்கு நடுவில். அதற்கு முன்பு தங்கம், வெள்ளி, அல்லது நிக்கல் முலாம் பூசிய பித்தளை. வியர்வையிலும் மழையிலும் முலாம் உரிந்து பித்தளை பல்லை இளிக்கும். எஃகுக் கூடு வந்ததும் ஏழைக்கும் துருப் பிடிக்காத கடிகாரம் என்றாயிற்று. பெங்களூரில் 1961-ல் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு எச்.எம்.டி. கடிகாரம் செய்ய ஆரம்பித்த பிறகு, மாப்பிள்ளைக்குக் கடிகாரம் போடுவது மோதிரம் போடுவதைப் போல ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஏழையின் உலோகமாகக் கடிகாரத்துக்குள் புகுந்த எஃகு 1972-ல் பிரபுவாகிவிட்டது! அந்த வருஷம் ஸ்விட்ஜர்லாந்தின் ஒதெமார் பிகே கம்பெனி ‘ராயல் ஓக்’ என்ற எஃகுக் கடிகாரத்தைத் தங்கக் கடிகாரத்தின் விலைக்கு விற்றது. வாங்கவும் ஆள் இருந்தது.

டைட்டானியத்தின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. கன்னியாகுமரிக் கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாக மணல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குமரித் தாயின் கல்யாணம் நின்று போனதால் சமைக்க வைத்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்று அவ்வூர்க்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கறுப்பு மணலில் பெரும்பகுதி இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் பிராணவாயுவும் கூடிய கனிமம் அது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் ரசாயனக்காரர் திருவிதாங்கூரிலிருந்து வந்த தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனஸைட் இருப்பதைக் கண்டார். கயிற்றைப் பிடித்துக் கொண்டே அவர் கடற்கரைக்கு வந்துவிட்டார். அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, 1956-ல் நம்மோடு சேர்ந்த மணவாளக்குறிச்சியில் மணலைச் சலிக்கும் ஆலை அப்படித்தான் எழும்பியது. மோனஸைட்டில் தோரியம் இருக்கிறது. அதனால் கடற்கரைக் கிராமங்களில் கதிர்வீச்சைப் பற்றிய அச்சமும் இருக்கிறது. கரை மணலைத் தனியார் அள்ளுவதை 2013-ல் தமிழக அரசு தடை செய்தது. மணலாகிப் போன கல்யாண விருந்துக்கு இத்தனை வழக்கு!

இந்த உலோகத்தைக் கண்டவரும் கடற்கரைப் பக்கத்து மணலைத்தான் ஆராய்ந்தார். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார், 1791-ல், ஓர் ஓடையில் கிடந்த கறுப்பு மணலில் புது உலோகம் ஒன்று ஒளிந்திருப்பதாகச் சொன்னார். 1795-ல் கிளாப்ரோத் என்ற ஜெர்மானியர் கிரேக்கப் புராண ராட்சதர்களான டைட்டன்களின் பெயரை அதற்கு வைத்தார். பெயர் வைத்தாயிற்றே தவிர, உலோகத்தைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்த ஒருவராலும் முடியவில்லை. பிராணவாயுவை அது விடாப்பிடியாகப் பிடித்துக் கொண்டிருந்தது. லக்ஸம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் க்ரோல் என்பவர், டைட்டானியத்தைக் குளோரினோடு சேர்த்து, பிறகு மெக்னீசியத்தைக் கொண்டு குளோரினைப் பிடுங்கும் வழியைக் கண்டு 1940-ல் உரிமை பெற்றார். அப்போதும் வருவது கட்டி உலோகமல்ல, கடற்பஞ்சு போன்ற ஒரு பொருள். அதை வெற்றிடத்தில் உருக்கித்தான் கட்டியாக்க வேண்டும். விலை ஏன் அதிகம் என்று பையன் கேட்டானே, அதற்கு இதுதான் பதில். நம் தேசத்தில் அந்தப் பஞ்சைச் செய்யும் ஆலை, வருஷத்துக்கு 500 டன் என்ற அளவில், கேரளத்துச் சவறாவில் 2011-ல்தான் தொடங்கியது. உலகில் தோண்டப்படும் டைட்டானியத் தாதுவில் பெரும்பகுதி இன்றைக்கும் உலோகமாவதே இல்லை. வெள்ளைப் பெயிண்டுக்குள் போய் நம் வீட்டுச் சுவர்களில் ஒட்டிக் கொள்கிறது. ஒரு விதத்தில் அதுவும் சுதைதான்.

ஆகாய விமானத்துக்கென்று உழைத்த உலோகம் கடிகாரத்துக்கு வந்தது 1970-ல். ஜப்பானில் சிட்டிசன் எக்ஸ்-8 என்ற கடிகாரம். ‘நம் ஓசூரில் செய்கிற டைட்டன் கடிகாரத்தின் பெயர் இந்த உலோகத்திலிருந்து வந்ததுதானே?’ என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984-ல் தொடங்கிய கம்பெனி அது. டாட்டா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்ற இரண்டு பெயர்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்தால் டைட்டன். ராட்சதர்களுக்கு அதில் பங்கில்லை.

இனி நேருக்கு நேர் வைத்துப் பார்ப்போம். எடையில் டைட்டானியம் ஜெயிக்கிறது. எஃகில் 100 கிராம் வேண்டிய இடத்தில் டைட்டானியம் சுமார் 57 கிராம் போதும். உடம்புச் சூட்டை எஃகு போல அவ்வளவு வேகமாகப் பறிக்காததால், மார்கழி விடியலில் கட்டிக் கொண்டாலும் ‘சுரீர்’ என்று குளிராது. வியர்வையும் உப்புக் காற்றும் அதை ஒன்றும் செய்வதில்லை. அதன் மேல் தானாகப் படர்கிற மெல்லிய ஆக்ஸைடு ஏடே அதற்குக் கவசம். கீறலில் எஃகு ஜெயிக்கிறது. சுத்த டைட்டானியம் சுவரில் ஒரு தரம் உரசினால் கோடு விழுந்துவிடும். எஃகுக் கூட்டில் கோடு விழுந்தால் கடைக்காரர் அரை மணியில் மெருகு போட்டுத் திருப்பிக் கொடுப்பார். டைட்டானியத்துக்கு மெருகு போட எல்லாராலும் ஆகாது. அலுமினியமும் வனேடியமும் கலந்த உயர் ரகம் கடினமானது, விலையும் அப்படியே. நிறமோ ஈயச் சாம்பல். எஃகின் பளபளப்பை அதனிடம் எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். திருகு மரையில் டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசினால் கவ்விக் கொண்டு வர மறுக்கும் குணமும் உண்டு.

இவ்வளவையும் ஆற அமர எடை போடலாம், கட்டிக் கொள்பவரின் தோல் சாதாரணத் தோலாக இருந்தால். நல்ல கடிகாரங்களுக்கு உபயோகிக்கும் 316எல் என்ற எஃகில் நூற்றுக்கு 10 முதல் 14 பங்கு நிக்கல் இருக்கிறது. அது சுலபத்தில் வெளியே கசிவதில்லை. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் என் மைத்துனரைப் போன்றவருக்குப் பரீட்சை பார்ப்பானேன்? “அப்பாவுக்கு டைட்டானியம்” என்றேன். “ஆனால் ஒரு விஷயம். முகத்தை மட்டும் டைட்டானியமாகச் செய்து, முதுகு மூடியையும் வார்ப்பூட்டையும் எஃகில் வைக்கிற கடிகாரங்கள் உண்டு. தோலில் படுவது முதுகும் பூட்டும்தான். கடைக்காரரைக் கேட்டு, எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.” “உங்களுக்கு என்றால் எதை வாங்குவீர்கள், மாமா?” என்றான். எனக்கு எஃகே போதும் என்றேன். கீறினால் தேய்த்துக் கொள்ளலாம் என்பது எனக்குப் பெரிய சௌகரியமாகப் படுகிறது.

இந்தச் சௌகரியத்தைத்தான் மகேந்திரன் விட்டுக் கொடுத்தான். செங்கல் பெயர்ந்தால் வேறு செங்கல் வைக்கலாம். சுதை உதிர்ந்தால் மறுபடி பூசலாம். உத்தரம் இற்றால் மாற்றலாம். அதனால் செங்கல் கோயில் ஊராரின் கையில் இருந்தது. வருஷந்தோறும் அது அவர்களைக் கேட்டது, அவர்கள் கொடுத்தார்கள். பாறையில் குடைகிற கோயிலுக்கு அந்தத் தயவு கிடையாது. உளி ஒரு விரற்கடை அதிகம் போனால் போனதுதான். துவாரபாலகரின் மூக்கு சிதறினால் ஒட்ட வைக்க முடியாது. ஒட்டுவதற்குச் சுதை வேண்டும், சுதை இல்லை என்று அரசன் சுலோகத்தில் வாக்குக் கொடுத்துவிட்டான்!

மேற்கே அஜந்தாவிலும் எல்லோராவிலும் குகை குடைந்தவர்களுக்கு எரிமலைக் குழம்பு உறைந்த பாறை வாய்த்தது. இங்கே இருப்பதோ கருங்கல். அதற்குள் இருக்கும் படிகக் கல் துகள்கள் உளியின் முனையைவிடக் கடினமானவை. மாமல்லபுரத்தில் பாதியில் நின்று போன குடைவரைகளைப் பார்த்தால் முறை விளங்கும். பாறை முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் நடுவையும் பிதுக்கத்தோடு தட்டி எடுத்து, மறுபடி கோடு வெட்டி, இப்படியே அங்குலம் அங்குலமாக உள்ளே போக வேண்டும். அப்படிப் போகும்போது உளி மழுங்கிக் கொண்டே இருக்கும். கல் உடைக்கிற இடத்தில் கொல்லனின் உலை அணையக் கூடாது. தட்டுகிறவன் பாதி வேலையாள், உளியைக் காய்ச்சி அடித்துத் துவைச்சல் கொடுக்கிறவன் மற்றப் பாதி.

நாவலாசிரியன் என்ற சலுகையில் இந்த இடத்தில் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கிறேன். அரசன் வந்து, “உலோகம் இல்லாத கோயில்” என்று சொன்னான். தச்சன் முகம் வாடியது. அவனுக்கு வேலை இல்லை. சுதை வேலைக்காரன் முகம் அதைவிட வாடியது. கல் தச்சன் மட்டும் பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஆகட்டும், மகாராஜா. உலைக்கு எத்தனை பேர் கொல்லர் வருவார்கள்?” என்று கேட்டான். விசித்திரசித்தன் சிரித்திருக்க வேண்டும். மத்தவிலாசம் எழுதினவனுக்கு இந்த வேடிக்கை புரியாமலா போகும்?

கல்லில் கோயில் எடுக்க நம்மவர்கள் அதுவரை தயங்கியதற்கு இன்னொரு காரணமும் சில அறிஞர்கள் சொல்கிறார்கள். கல் இறந்தவர்களுக்கு உரியதாக இருந்தது. ஈமக் குழிகளின் மேல் கற்பலகை. போரில் விழுந்தவனுக்கு நடுகல். பிணத்துக்கு வைக்கும் பொருளைக் கடவுளுக்கு எப்படி வைப்பது என்ற கூச்சம். இது உண்மையானால், மகேந்திரன் ‘கல்’ என்ற சொல்லைச் சுலோகத்தில் வாய் திறந்து சொல்லாமல் விட்டதற்குக் கூட ஒரு பொருள் இருக்கலாம்.

இவனே செங்கல்லை அடியோடு வெறுத்தவன் என்றும் சொல்வதற்கில்லை. இவன் சமணனாக இருந்து சைவனாக மாறியதும் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தப் பொருளைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்ற செய்தியைப் பெரியபுராணம் தருகிறது. சேக்கிழார் ஐந்நூறு வருஷம் கழித்து எழுதியவர். இருந்தாலும், ஒரு கையால் ‘செங்கல் இல்லாமல்’ என்று எழுதி, மறு கையால் இடித்த சரக்கில் இன்னொரு கோயில் எடுத்த அரசனாக இவனைக் கற்பனை செய்வது எனக்குக் கஷ்டமாக இல்லை.

தேசம் அவன் சொன்னதை உடனே கேட்டுக் கொள்ளவும் இல்லை. அவன் வம்சத்தில் ராஜசிம்மன், நூறு வருஷத்துக்குள், கல்லை அடுக்கியே கைலாசநாதர் கோயிலும், மண்டகப்பட்டுப் பக்கத்திலேயே பனமலைக் கோயிலும் எழுப்பினான். ஆனால் காவிரிக் கரையில் ஊர் ஊராகச் செங்கல் கோயில்கள் மேலும் இருநூறு முந்நூறு வருஷம் நின்றன. பத்தாம் நூற்றாண்டில் சோழ குலத்துச் செம்பியன் மாதேவி, கணவர் கண்டராதித்தர் மறைந்த பின், அவற்றை ஒவ்வொன்றாகக் கற்றளியாக மாற்றினார். அந்த அம்மையாருக்கு ஒரு கவலை இருந்தது. பழைய சுவரை இடித்தால் அதிலுள்ள கல்வெட்டுக்கள் போய்விடுமே என்பதுதான் அது. திருக்கோடிக்காவில் பழைய சாசனங்களைப் படியெடுத்து, புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். யார் யார் விளக்குக்கு ஆடு கொடுத்தார்கள், யார் நிலம் விட்டார்கள் என்பதெல்லாம் அதனால் நமக்குத் தெரிகிறது. மகேந்திரனுக்கு அந்தக் கவலை இல்லை. அவன் கன்னிப் பாறையில் ஆரம்பித்தான்.

மண்டகப்பட்டில் காலியாகக் கிடக்கும் மூன்று அறைகளிலும் அன்று எந்த உருவம் இருந்திருக்கும்? பாறையில் செதுக்கின மூர்த்திகள் இல்லை. சுவரில் தீட்டிய சித்திரமாகவோ, மரத்திலோ சுதையிலோ செய்து வைத்ததாகவோ இருந்திருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம். அப்படியானால் வேண்டாமென்று விலக்கின மரமும் சுதையும் கர்ப்பக்கிருகத்துக்குள் போய் உட்கார்ந்து கொண்டன. காலம் அவற்றைக் கொண்டு போய்விட்டது. பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு மூவரும் அங்கே எப்படி இருந்தார்கள் என்று இப்போது சொல்ல ஆள் இல்லை. அரசன் பெயர் இருக்கிறது. கல் தச்சன் பெயரும் கொல்லன் பெயரும் சுலோகத்தில் இல்லை. ஆனால் மாலை வெயில் பாறையின் மேல் சாய்வாக விழுகிற நேரத்தில் போனால், மழமழவென்று தேய்க்காமல் விட்ட இடங்களில் இரும்பு உளி கொத்திய தடங்களைக் காணலாம். கையை வைத்துப் பார்த்தால் விரலுக்கும் தட்டுப்படும்.